புதிய அறிவியல் கருத்து முதலில் எங்கே வரவேண்டும்: ஆய்விதழிலா, புத்தகக் கடையிலா?

செந்தூல்வாசி (கோலாலம்பூர்)

பிரிக்பீல்ட்ஸில் ஒரு நூல் வெளியீட்டுக்குப் போயிருந்தேன். நூலாசிரியர் பணி ஓய்வு பெற்ற பொறியாளர். பெயரை எழுதவில்லை, அவரைக் கேலிப்பொருளாக்குவது என் நோக்கமில்லை. முந்நூறு பக்கத் தமிழ் நூல். ஈர்ப்புவிசை என்று ஒன்று கிடையாது என்கிறார். விண்வெளி முழுதும் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் எல்லாத் திசையிலிருந்தும் பாய்ந்துகொண்டே இருக்கின்றனவாம். கீழிருந்து வருவனவற்றைப் பூமி மறைத்துக்கொள்கிறது. மேலிருந்து வருபவை நம்மைக் கீழே அழுத்துகின்றன. ஆக, நாம் இழுக்கப்படவில்லை, தள்ளப்படுகிறோம். படங்கள் போட்டு அழகாக விளக்கியிருக்கிறார். தமிழ் நடையும் தெளிவாக இருக்கிறது.

கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து, "இதை ஏதாவது ஆய்விதழுக்கு அனுப்பினீர்களா?" என்றார். "காப்பர்நிக்கஸ் எந்த ஆய்விதழுக்கு அனுப்பினார்? டார்வின் எதற்கு அனுப்பினார்? புத்தகமாக எழுதி மக்கள் முன் வைத்தார்கள். நானும் வைக்கிறேன், மக்கள் தீர்ப்பளிக்கட்டும்" என்று பதில் வந்தது. கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று.

என் கேள்வி: புதிய கருத்து முதலில் துறை அறிந்தவர்களின் ஆய்விதழில் வந்து, பிறகுதான் நம்மைப் போன்றவர்கள் வாங்கும் புத்தகத்தில் வரவேண்டும் என்பது நியாயமான விதியா? அல்லது பேராசிரியர்கள் தங்களைச் சுற்றிப் போட்டுக்கொண்ட வேலியா?

பழைய ஆய்வகம் (கெலுகோர், பினாங்கு)

வரலாற்றை முதலில் சரிசெய்துவிடுவோம். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்ற காப்பர்நிக்கஸின் நூல் 1543-இல் வந்தது. உலகின் முதல் இரண்டு ஆய்விதழ்கள், ஒன்று பாரிசிலும் மற்றது லண்டனிலும், 1665-இல்தான் தொடங்கின. பஸ் ஓடாத காலத்தில் ஒருவர் நடந்து போனார் என்பதைக் காட்டி, பஸ் வேண்டாம் என்று வாதாட முடியாது.

டார்வின் விஷயத்தில் அந்தப் பொறியாளர் அழைத்த சாட்சி அவருக்கே எதிராகப் பேசுகிறார். பரிணாமத்தைப் பற்றிய டார்வினின் நூல் வந்தது 1859 நவம்பரில். அதற்கு முந்தைய ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி, லண்டன் லின்னேயன் சங்கத்தில் டார்வினின் குறிப்புகளும், அதே கருத்துக்குத் தனியாக வந்திருந்த இயற்கையியலாளர் வாலஸின் கட்டுரையும் சேர்த்து வாசிக்கப்பட்டன. ஆகஸ்ட் மாதம் சங்கத்தின் ஆய்விதழில் அச்சேறின. ஆய்விதழ் முதலில், புத்தகம் பிறகு.

நம் நாட்டுக்காரர்கள் இதில் சற்றுப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். வாலஸ் அந்தக் கேள்வியின் வாசலுக்கு வந்தது சரவாக்கில். 1855 பிப்ரவரியில், மழைக்காலத்தில், சந்துபோங்கில் தங்கியிருந்தபோது ஒரு கட்டுரை எழுதினார். எந்த உயிரினமும் தனக்கு நெருங்கிய உறவுள்ள முந்தைய உயிரினம் இருந்த இடத்தையும் காலத்தையும் ஒட்டியே தோன்றுகிறது என்பது அதன் சாரம். அதை மூட்டை கட்டி வைத்திருந்து ஊர் திரும்பியபின் பயணநூலில் சேர்க்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் லண்டன் ஆய்விதழில் வெளிவரச் செய்துவிட்டார். புவியியலாளர் லயல் அதைப் படித்துப் பதறிப்போய், "நீங்களும் சீக்கிரம் எதையாவது வெளியிடுங்கள்" என்று டார்வினை நெருக்கினார். மலாய்த் தீவுகளைப் பற்றிய வாலஸின் புகழ்பெற்ற நூல் 1869-இல்தான் வந்தது.

பிரிக்பீல்ட்ஸ் வாசகன்

பழைய ஆய்வகம் ஐயா சொன்ன ஆண்டுகள் எல்லாம் சரி. ஆனால் பாதிக் கதையில் நிறுத்திவிட்டார்.

1858-இல் வாசிக்கப்பட்ட அந்தக் கட்டுரைகளால் என்ன நடந்தது? ஒன்றுமே நடக்கவில்லை. லின்னேயன் சங்கத்தின் தலைவர் தாமஸ் பெல் மறு ஆண்டு அறிக்கையில், கடந்த ஆண்டில் துறையைப் புரட்டிப்போடும் கண்டுபிடிப்பு எதுவும் நிகழவில்லை என்ற பொருளில் எழுதினார்! உலகின் மிகப் பெரிய கருத்துகளில் ஒன்று அவர் முன்னாலேயே வாசிக்கப்பட்டிருந்தது. பிறகு புத்தகம் வந்தது. முதல் பதிப்பு 1,250 பிரதிகள். வெளியாகும் முன்பே வணிகர்கள் முழுவதையும் பேசி முடித்துவிட்டார்கள். சண்டை தொடங்கியது அதற்குப் பிறகு. கருத்து உயிர் பெற்றது எந்த இடத்தில் என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்று. கடலடித் தரை நகர்கிறது என்பதற்கான காந்தப் பட்டைச் சான்றை (கடலடிப் பாறையில் காந்தத் திசை மாறி மாறிப் பதிந்திருக்கும் பட்டைகள்) 1963-இல் கனடாக்காரரான லாரன்ஸ் மார்லி எழுதி அனுப்பினார். புகழ்பெற்ற அறிவியல் ஆய்விதழான 'நேச்சர்' திருப்பி அனுப்பியது. அமெரிக்காவின் புவி இயற்பியல் ஆய்விதழும் திருப்பி அனுப்பியது. விருந்துகளில் பேசிக்கொள்ள ஏற்ற கருத்து என்று மதிப்பாய்வாளர் (அச்சிடலாமா என்று ஆய்விதழுக்காகக் கட்டுரையைப் படித்துச் சொல்லும் துறை அறிஞர்) குறிப்பு எழுதினாராம். அதே ஆண்டு அதே கருத்தை வைனும் மேத்யூஸும் 'நேச்சர்' இதழிலேயே வெளியிட்டார்கள். லின் மார்குலிஸ், நம் செல்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியா என்று எழுதியதை ஏறத்தாழ பதினைந்து ஆய்விதழ்கள் மறுத்த பிறகுதான் 1967-இல் ஒன்று ஏற்றது. இன்று அது பள்ளிப் பாடம்.

இப்படிப்பட்ட வாயிற்காவலர்களை நம்பி ஒரு பொறியாளர் ஏன் வரிசையில் நிற்க வேண்டும்?

கணக்கு டீச்சர் (பட்டர்வொர்த்)

வாசகன் அண்ணா, உங்கள் சான்றுகள் இரண்டுமே கடைசியில் ஆய்விதழில்தான் போய் முடிகின்றன, கவனித்தீர்களா? மார்குலிஸ் பதினைந்து மறுப்புக்குப் பிறகும் பதினாறாவது இதழுக்கு அனுப்பினார். நேராக அச்சகத்துக்குப் போகவில்லை. விரிவான நூல் 1970-இல் வந்தது.

நான் யோசிப்பது எழுதியவரைப் பற்றியல்ல, வாங்குபவரைப் பற்றி. "மக்கள் தீர்ப்பளிக்கட்டும்" என்பது கேட்க இனிமையாக இருக்கிறது. எதைக் கொண்டு தீர்ப்பளிப்பது? நடை, படம், ஆசிரியரின் முகத்தில் தெரியும் நேர்மை, இவைதாம் நம் கையில் இருக்கின்றன. ஒரு நூலில் என்ன எழுதியிருக்கிறது என்பதை எந்த வாசகரும் பார்க்கலாம். என்ன எழுதாமல் விடப்பட்டிருக்கிறது என்பது அந்தத் துறையில் ஊறியவருக்குத்தான் தெரியும். என் ஐந்தாம் படிவ மாணவன் ஒருவன் இப்படிப்பட்ட நூல் ஒன்றைக் கொண்டுவந்து, "டீச்சர், இது சரியா?" என்று கேட்டால் நானே திணறுவேன். நான் கணக்குப் படித்தவள், இயற்பியல் படித்தவள் இல்லை.

ஆயர் ஈத்தாம் (பினாங்கு)

டீச்சர் கேட்டதற்கு நேரடியாகவே விடை சொல்ல முடியும். இயற்பியல் கற்பித்தவன் என்பதால் செந்தூல்வாசியின் பதிவைப் படித்ததுமே எனக்கு அந்தக் கருத்தின் ஜாதகம் தெரிந்துவிட்டது.

நுண்துகள்கள் எல்லாத் திசையிலிருந்தும் பாய்கின்றன, பூமி ஒரு பக்கத்தை மறைக்கிறது, ஆகவே நாம் தள்ளப்படுகிறோம். இதை 1690-இல் நிக்கோலா ஃபாசியோ என்ற சுவிஸ்காரர் லண்டன் ராயல் கழகத்தின் முன் வைத்தார். நியூட்டனுக்கு நன்கு தெரிந்த ஆள். அடுத்த நூற்றாண்டில் ஜெனீவாவில் லெ சாஜ் வாழ்நாள் முழுதும் இதையே வளர்த்தார். அவர் பெயரில்தான் இது வழங்குகிறது. 1873-இல் கெல்வின் பிரபு மறுபடியும் எடுத்துத் தூசு தட்டினார். முட்டாள்தனமான கருத்தே இல்லை. தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப விசை குறைவது இதில் தானாகவே வந்துவிடும். அதனால்தான் இத்தனை பெரியவர்கள் இதில் மயங்கினார்கள்.

எங்கே உடைகிறது என்றால், இரண்டு இடங்களில்.

ஒன்று, வெப்பம். துகள்கள் மோதிவிட்டு அதே வேகத்தில் திரும்பித் தெறித்தால், மறைக்கப்பட்ட இடத்தை அந்தத் தெறித்த துகள்களே நிரப்பிவிடும். நிழல் என்று ஒன்று மிஞ்சாது, ஈர்ப்பும் மிஞ்சாது. ஆகவே துகள்கள் மோதலில் ஆற்றலை இழந்தே ஆகவேண்டும். அந்த ஆற்றல் எங்கே போகும்? பொருளுக்குள் வெப்பமாகத்தான். மேக்ஸ்வெல் 1875-இல் இதை எழுதிக் காட்டினார்: பூமி உட்பட எல்லாமே நொடிப்பொழுதில் வெண்சூடாகப் பழுத்துவிடும். பின்னர் 1908-இல் புவான்காரே எண்களைப் போட்டுப் பார்த்தும் அதே முடிவுக்குத்தான் வந்தார்.

இரண்டு, தடை. பூமி நொடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனைச் சுற்றுகிறது. மழையில் ஓடுபவனுக்கு முன்பக்கம் அதிகம் நனைவதுபோல, முன்னாலிருந்து அதிகத் துகள்கள் மோதும். சுற்றுப்பாதை மெல்லச் சுருங்கவேண்டும். அப்படிச் சுருங்கவில்லை. தடை தெரியாமல் இருக்கவேண்டுமானால் துகள்கள் ஒளியைவிடப் பன்மடங்கு வேகமாகப் போகவேண்டும். வேகம் ஏறினால் மேலே சொன்ன வெப்பமும் ஏறும். ஒரு பள்ளத்தை மூடினால் மற்றது பெரிதாகிறது.

ஓர் ஆய்விதழின் மதிப்பாய்வாளர் இதை அவருக்கு அரைப் பக்கத்தில் எழுதி அனுப்பியிருப்பார். மறுப்புக் கடிதம்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கடிதம் முந்நூறு பக்க அச்சுக்கூலிக்கு முன்னால் வந்திருக்கும்.

செந்தூல்வாசி

நூலை மறுபடியும் முதலிலிருந்து புரட்டினேன். லெ சாஜ் பெயர் எங்கும் இல்லை. வெப்பம் என்ற பேச்சே இல்லை. டீச்சர் சொன்னது சரியாகிவிட்டது: முதல் முறை படித்தபோது எதுவும் விடுபட்டதாக எனக்குத் தோன்றவே இல்லை.

இன்னும் மாணவி (பங்சார்)

முனைவர் பட்ட ஆய்வில் இருப்பவள் என்ற முறையில் வாசகன் அண்ணன் பக்கமும் கொஞ்சம் பேசுகிறேன். இங்கே எல்லாரும் ஆய்விதழை ஏதோ நீதிமன்றம்போல வருணிக்கிறீர்கள். உள்ளே இருந்து பார்த்தால் அப்படித் தெரிவதில்லை.

என் கட்டுரை ஒன்று ஓராண்டுக்கும் மேலாக ஒரு வெளிநாட்டு ஆய்விதழில் கிடந்தது. இரண்டு மதிப்பாய்வாளர்கள். ஒருவர் மிக நுணுக்கமாகப் படித்து என் புள்ளிவிவரக் கணக்கில் ஓட்டையைக் காட்டினார். அவருக்கு இன்றும் நன்றி சொல்வேன். மற்றவர் நான்கு வரி எழுதினார். அதில் மூன்று வரி, குறிப்பிட்ட ஒருவரின் கட்டுரைகளை நான் மேற்கோள் காட்டவில்லையே என்ற குறை. அந்த ஒருவர் யார் என்று ஊகிக்க மூளை தேவையில்லை.

பணம் வேறு. 'நேச்சர்' 2021-இல் திறந்த அணுக்கத்துக்கு (யாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட) அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. ஓய்வூதியத்தில் வாழும் பொறியாளருக்கு இது என்ன கணக்கு? கட்டணமில்லாத வழியும் உண்டு, ஆனால் அப்போது கட்டுரையைப் படிக்க வாசகர் பணம் கட்டவேண்டும். இன்னொரு பக்கம், பணம் கொடுத்தால் ஒரே வாரத்தில் எதையும் அச்சிட்டுத் தரும் போலி ஆய்விதழ்கள் என் மின்னஞ்சலுக்குத் தினமும் அழைப்பு அனுப்புகின்றன. "அன்புக்குரிய மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே" என்று தொடங்கும். நான் இன்னும் மாணவிதான், பெயரிலேயே இருக்கிறது.

அதோடு, சக மதிப்பாய்வு (கட்டுரையை அதே துறையினர் படித்து மதிப்பிடுவது) என்பது நாம் நினைப்பதுபோல் பழங்கால மரபும் அல்ல. 'நேச்சர்' எல்லாக் கட்டுரைகளையும் முறையாக வெளியாருக்கு அனுப்பத் தொடங்கியது 1973-இல்தான். வாட்சனும் கிரிக்கும் 1953-இல் எழுதிய டி.என்.ஏ. கட்டுரை வெளி மதிப்பாய்வு இல்லாமலேயே வந்தது. ஐன்ஸ்டைன் 1936-இல் தன் கட்டுரையை ஓர் அமெரிக்க ஆய்விதழ் மதிப்பாய்வுக்கு அனுப்பிவிட்டது என்று அறிந்து, "அச்சிடத்தான் அனுப்பினேன், மற்றவர்களுக்குக் காட்ட அனுமதி தரவில்லை" என்று கோபித்துக்கொண்டு திரும்பப் பெற்றுக்கொண்டார்.

பழைய ஆய்வகம்

ஐன்ஸ்டைன் கதையின் மீதியையும் சொல்லிவிடுங்கள் அம்மா, அதுதான் சுவையானது. அந்தக் கட்டுரை ஈர்ப்பலைகள் (வெளியில் அலையாகப் பரவும் ஈர்ப்பின் அதிர்வுகள்) கிடையாது என்று சொன்னது! மதிப்பாய்வாளர் ராபர்ட்சன், பெயர் தெரியாத நிலையில், பக்கம் பக்கமாக எழுதித் தவற்றைக் காட்டினார். ஐன்ஸ்டைன் அந்த அறிக்கையைப் பொருட்படுத்தவில்லை. வேறோர் இதழுக்கு அனுப்பினார். ஆனால் அச்சுக்குப் போகும் கட்டத்தில், ராபர்ட்சன் நண்பர் வட்டம் வழியாகப் பக்குவமாக எடுத்துச் சொன்னது அவர் காதுக்கு வந்துசேர, முடிவையே மாற்றி எழுதினார். 1937-இல் வெளிவந்த வடிவத்தில் ஈர்ப்பலைகள் இருந்தன.

2015 செப்டம்பரில், ஈர்ப்பலைகளைத் தேடும் அமெரிக்காவின் லைகோ கருவிகள் அந்த அலையைப் பிடித்தபோது அந்தக் குழு என்ன செய்தது என்று பாருங்கள். ஐந்து மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். கட்டுரை மதிப்பாய்வு முடிந்து ஏற்கப்பட்ட பிறகு, 2016 பிப்ரவரி 11-ஆம் தேதி, செய்தியாளர் கூட்டமும் கட்டுரையும் ஒரே நாளில் வந்தன. அதற்கு மாறாக, அமெரிக்காவின் யூட்டாவில் 1989 மார்ச் 23-ஆம் தேதி, அறை வெப்பநிலையிலேயே அணுக்கருப் பிணைவு (சூரியனுக்குள் நடப்பதுபோல அணுக்கருக்கள் இணைவது) நடத்திவிட்டோம் என்று இரண்டு வேதியியலாளர்கள் செய்தியாளர்களைக் கூட்டி அறிவித்தபோது கட்டுரை இன்னும் வெளிவரவில்லை. உலகெங்கும் ஆய்வகங்கள் செய்தித்தாள் படத்தைப் பார்த்துச் சோதனையை அமைக்க முயன்றன. சில வாரங்களில் எல்லாம் சரிந்தது.

லெபோ பந்தாய் (ஜார்ஜ் டவுன்)

எல்லாரும் இயற்பியலிலேயே நிற்கிறீர்கள். ஆள் சாகும்போது ஆய்விதழுக்காகக் காத்திருக்க முடியுமா?

1998-99-இல் பேராக்கிலும் நெகிரி செம்பிலானிலும் பன்றிப் பண்ணையாளர்கள் மூளைக்காய்ச்சலால் விழுந்தார்கள். கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டி, கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் நோயாளியின் மாதிரியில் வேறொரு வைரசைக் கண்டார். அமெரிக்கா கொண்டு சென்று உறுதி செய்தார். அதுதான் நிபா வைரஸ். கொசுவுக்குப் பங்கில்லை, பன்றியைத் தொடுவதால் வருகிறது என்று தெரிந்ததும் உடனே கொள்கை மாறியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. வைரசை விரிவாக விவரித்த கட்டுரை 'சயின்ஸ்' இதழில் வந்தது 2000 மே மாதம். அதுவரை பொறுத்திருந்தால்? அப்போதே 105 பேர் இறந்திருந்தார்கள்.

நம் பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியென் தே இன்னும் பழைய கதை. 1910-11 குளிரில் மஞ்சூரியாவில் பிளேக். எலித்தெள்ளு வழியாக மட்டுமே பரவும் என்பது அன்றைய பாடம். இது மூச்சுவழி பரவுகிறது என்றார் வூ. எல்லாரும் துணிமுகமூடி கட்டவேண்டும் என்றார். மெனி என்ற பிரெஞ்சு மருத்துவர், வயதில் மூத்தவர், ஏளனம் செய்து முகமூடி இல்லாமல் நோயாளிகளைப் பார்த்தார். சில நாள்களில் இறந்தார். வூ ஆய்விதழின் பதிலை எதிர்பார்த்தா முகமூடி தைத்தார்?

கணக்கு டீச்சர்

நீங்கள் சொன்ன இருவரும் வெகுசன நூல் எழுதவில்லையே! வைரசைப் பார்க்கத் தெரிந்தவர்களிடம்தான் டாக்டர் சுவா மாதிரியை எடுத்துக்கொண்டு ஓடினார். வூ 1911 ஏப்ரலில் மஞ்சூரியாவின் முக்டன் நகரில் பதினொரு நாட்டு மருத்துவர்கள் கூடிய மாநாட்டில் தலைமையேற்றுத் தன் முடிவுகளை விவாதத்துக்கு வைத்தார். அவசரத்தில் ஆய்விதழைத் தாண்டினார்கள்; அறிந்தவர்களைத் தாண்டவில்லை. ஆய்விதழ்களே இதை ஒப்புக்கொண்டு, பொதுச் சுகாதார அவசரநிலைக்கு விலக்கு வைத்திருக்கின்றன. ஈர்ப்புவிசை அடுத்த வாரம் வரை காத்திருக்கும்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகன்

ஆய்விதழில் வந்ததெல்லாம் சுத்தமா? தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்ட வேக்ஃபீல்டின் கட்டுரை எங்கே வந்தது? 'லான்செட்' என்ற மருத்துவ ஆய்விதழில். 1998-இல். பன்னிரண்டு குழந்தைகளை வைத்து. திரும்பப் பெற 2010 வரை ஆயிற்று. அதனால் தடுப்பூசிக்குப் பயந்த பெற்றோர் நம் ஊரிலும் இருக்கிறார்கள், என் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். எந்தப் புத்தகமும் செய்யாத தீங்கு அது, ஆய்விதழின் முத்திரை இருந்ததால்தான்.

ஜாலான் ஈப்போ தாத்தா

தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். தம்பி வாசகன் சொன்னது உண்மை, மறுக்க மாட்டேன். ஆனாலும் நம்மவர் ஒருவரின் கதையைச் சொல்கிறேன்.

சந்திரசேகர் பத்தொன்பது வயதில் கப்பலில் இங்கிலாந்து போகும்போது ஒரு கணக்குப் போட்டார்: எரிந்து முடிந்த விண்மீன் ஒரு வரம்புக்கு மேல் கனமாக இருந்தால் வெண்குறுமீனாக (சுருங்கி அடர்ந்த சிறு விண்மீனாக) நிற்க முடியாது. கட்டுரை 1931-இல் வெளிவந்தது. 1935 ஜனவரி 11-ஆம் தேதி லண்டன் வானியல் கழகத்தில் முழுக் கணக்கையும் வைத்தார். உடனே எடிங்டன் எழுந்து அதை நையாண்டி செய்தார், சபை சிரித்தது. சந்திரசேகருக்குப் பதில் சொல்லவும் வாய்ப்புத் தரவில்லை.

எடிங்டன் யார்? அந்தக் காலத்தில் ஆங்கிலத்தில் அறிவியலைப் பொதுமக்களுக்கு எழுதியவர்களில் மிகப் புகழ்பெற்றவர். மக்கள் தீர்ப்பளித்திருந்தால் யாருக்கு வாக்கு விழுந்திருக்கும்? கறுத்த இளைஞருக்கா, கேம்பிரிட்ஜ் பேராசிரியருக்கா? சபை சிரித்ததே தவிர, கட்டுரை கழகத்தின் ஆய்விதழில் அதே ஆண்டு அச்சாயிற்று. கணக்கு அங்கே கிடந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துச் சரிபார்க்கலாம் என்ற நிலையில் கிடந்தது. 1983-இல் நோபெல் பரிசு. இடையில் அவரே சிகாகோவில் பத்தொன்பது ஆண்டு வானியற்பியல் ஆய்விதழின் ஆசிரியராக உழைத்தார்.

இராமனும் அப்படித்தான். தன் பெயரில் வழங்கும் ஒளிச்சிதறல் விளைவை 1928 பிப்ரவரி 28-ஆம் தேதி கண்டார். மறுநாளே செய்தி நிறுவனத்திடம் சொல்லிவிட்டார், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மார்ச் மாத முடிவுக்குள் விரிவான கட்டுரை இந்திய இயற்பியல் ஆய்விதழில் அச்சாகிவிட்டது. அந்த ஆய்விதழை இரண்டு ஆண்டுக்கு முன் தொடங்கியவரும் அவரே. மாஸ்கோவில் இருவர் அதே விளைவை ஏறத்தாழ அதே நாள்களில் கண்டிருந்தார்கள். அவர்கள் கட்டுரை கோடையில்தான் வந்தது.

மட்டுறுத்துநர்

எடிங்டனைப் பற்றிய இரண்டு பின்னூட்டங்களை நீக்கியிருக்கிறேன். அவர் இறந்து 80 ஆண்டுக்கு மேல் ஆகிறது என்பதால் எதையும் எழுதலாம் என்று பொருளில்லை.

பிரிக்பீல்ட்ஸ் வாசகன்

தாத்தா சொன்னதைப் படித்தபின் என் வாதத்தைச் சற்று மாற்றிக்கொள்கிறேன், கைவிடவில்லை. சந்திரசேகரும் இராமனும் ஆங்கிலத்தில் எழுதினார்கள். அந்தப் பொறியாளர் தமிழில் சிந்திக்கிறார், தமிழில் எழுதுகிறார். ஈர்ப்பைப் பற்றிய தமிழ்க் கட்டுரையை நான்கு இயற்பியலாளர்களிடம் அனுப்பி மதிப்பிட்டுத் தரும் தமிழ் ஆய்விதழ் எங்கே இருக்கிறது? "ஆய்விதழ் முதலில்" என்று நீங்கள் சொல்லும்போது, "ஆங்கிலம் முதலில்" என்றுதான் அவர் காதில் விழுகிறது. பிறகு அவர் புத்தகக் கடைக்குப் போகாமல் எங்கே போவார்?

இன்னும் மாணவி

இதுதான் இந்த இழையிலேயே எனக்கு விடை தெரியாத கேள்வி. மொழிபெயர்த்து அனுப்பலாம் என்பது எளிய பதில். மொழிபெயர்க்க ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு இயற்பியல் தெரிந்திருக்க வேண்டும்.

முன்னச்சுக் களஞ்சியங்கள் (மதிப்பாய்வுக்கு முன்பே கட்டுரைகளைப் போட்டுவைக்கும் இணையத்தளங்கள்) ஒரு பாதி வழி. 1991 முதல் ஆர்க்சைவ் என்ற களஞ்சியம் இருக்கிறது, காசு இல்லை. புவான்காரே அனுமானம் என்ற நெடுங்காலக் கணிதப் புதிரை நிறுவிய பெரல்மான் 2002, 2003-இல் மூன்று கட்டுரைகளை அங்கே போட்டார். எந்த ஆய்விதழுக்கும் அனுப்பவில்லை. மற்ற கணித அறிஞர்கள் வரிவரியாகச் சரிபார்த்து ஒப்புக்கொண்டார்கள். ஆனால் புதிதாக வருபவர் அங்கே போட ஏற்கெனவே எழுதியிருக்கும் ஒருவரின் பரிந்துரை தேவைப்படும். அதுவும் ஒரு வாசல்தான்.

புத்தகத்தை முதலில் போடுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு, பலருக்குத் தெரியாது. ஏற்கெனவே வேறிடத்தில் வெளியானதைப் பல ஆய்விதழ்கள் ஏற்பதில்லை. பாஸ்டனின் மருத்துவ ஆய்விதழ் ஒன்று 1969-இல் கறாராக்கிய விதி பிறகு பரவலானது. முன்னச்சுக்கு இப்போது பெரும்பாலும் தடையில்லை. விலைபோட்டு விற்ற நூலை அப்படிப் பார்ப்பார்களா என்பது ஆசிரியர் குழுவைப் பொறுத்தது.

கணக்கு டீச்சர்

நூலில் புதிய கருத்தே வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. டாக்கின்ஸ் 1976-இல் பொதுவாசகர் நூலின் கடைசி இயலில்தான் 'மீம்' (மரபணுவைப்போல ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவும் பண்பாட்டுக் கூறு) என்ற கருத்தைப் புதிதாக வைத்தார். பென்ரோஸ் 1989-இல் மனம் கணினியைப்போல இயங்குவதில்லை என்ற தன் வாதத்தை வெகுசன நூலில்தான் விரித்தார். இருவரும் அது தங்கள் ஊகம் என்பதை மறைக்கவில்லை. எங்கே பாடம் முடிகிறது, எங்கே தன் கருத்து தொடங்குகிறது என்பது வாசகருக்குத் தெரிந்தது. பென்ரோஸுக்கு நோபெல் வாங்கித் தந்தது 1965-இல் ஆய்விதழில் வந்த கருந்துளைக் கட்டுரை, அந்த நூலில்லை.

பிரிக்பீல்ட்ஸ் நூலின் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது? ஊகம் என்றா, உண்மை என்றா?

செந்தூல்வாசி

உண்மை என்று. ஆச்சரியக்குறியுடன்.

ஆயர் ஈத்தாம் ஐயா எழுதிய இரண்டு ஆட்சேபங்களையும் மரியாதையான சொற்களில் அவருக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். கோபிப்பார் என்று நினைத்தேன். நீண்ட பதில் வந்திருக்கிறது. லெ சாஜைப் பற்றி அவர் கேள்விப்பட்டதே இல்லையாம். வெப்பத்துக்கு அவர் தரும் விடை: மோதிய துகள் வேகத்தை இழந்தாலும் அந்த ஆற்றலைத் தனக்குள்ளேயே அதிர்வாகச் சுமந்துகொண்டு வெளியேறிவிடும், பூமி சூடாகாது. தடையைப் பற்றி இன்னும் யோசிப்பதாக எழுதியிருக்கிறார்.

ஆயர் ஈத்தாம்

1873-இல் கெல்வின் சொன்ன விடை கிட்டத்தட்ட இதேதான்! மேக்ஸ்வெல் 1875-இல் எழுதியது அதற்கும் சேர்த்துத்தான். துகளின் ஓட்டத்துக்கும் அதன் உள்ளதிர்வுக்கும் இடையே ஆற்றல் எந்த விகிதத்தில் பங்கிடப்படும் என்பதை வாயுக்களின் இயக்கக் கோட்பாடு கட்டுப்படுத்துகிறது. நமக்கு வசதியான அளவுக்கு அதிர்வில் ஒளித்துவைக்க முடியாது.

பிரிக்பீல்ட்ஸ் வாசகன்

யாரும் சொல்லித் தராமல் கெல்வின் வந்த இடத்துக்கு ஒரு மனிதர் தனியாக வந்திருக்கிறார் என்றால் அவருக்கு நல்ல மூளை இருக்கிறது. முப்பது வயதில் யாராவது அந்த அரைப் பக்க மறுப்பை அவருக்கு எழுதியிருந்தால் இன்று வேறு நூல் எழுதியிருப்பார். இதற்காக நான் ஆய்விதழ்களை மன்னிக்கவில்லை. அவர் கைக்கு எட்டும் இடத்தில் அவை இருந்ததே இல்லை.

இன்னும் மாணவி

செந்தூல்வாசி அண்ணா, அவருக்கு விருப்பமிருந்தால் இரண்டு பக்கச் சுருக்கத்தை ஆங்கிலத்தில் எழுத நான் உடன் உட்காருகிறேன். முன்னுரை, வாழ்த்துரை எதுவும் வேண்டாம். கருத்து, சமன்பாடு, வெப்பத்துக்கும் தடைக்கும் விடை, இவ்வளவுதான். ஆயர் ஈத்தாம் ஐயா முதல் மதிப்பாய்வாளராக இருப்பாரா?

ஆயர் ஈத்தாம்

இருக்கிறேன். பெயரைப் போட்டே எழுதுகிறேன், ஒளிந்துகொள்ள மாட்டேன். தடைக் கணக்கை முதலில் அனுப்பச் சொல்லுங்கள்.

கணக்கு டீச்சர்

எனக்கும் ஒரு படி. ஐந்தாம் படிவத்தில் இரண்டு பேர் அதைப் போட்டுப் பார்க்கத் துடிக்கிறார்கள்.